சிவந்த காப்பு

குருநகரில் மீன் விற்கும் றெஜினாவின் கையில் ஒரு சிவந்த காப்பு. கலியாணத்தன்று மாமியார் போட்டது. அதே நாளில் மாமியார் தன் மகள் ஜொய்சிக்குப் போட்டதோ பளிச்சென்ற மஞ்சள். மருமகள் தலையில் கலப்படத்தைக் கட்டிவிட்டார் என்றே றெஜினா நம்பினாள். கோயிலில் பூசைக்கு அடுத்தடுத்த வாங்கில் உட்கார்ந்தும் பத்தொன்பது வருடமாக அந்த மச்சாளோடு கதைக்கவில்லை.

போன கிழமை காப்பு நெளிந்துவிட, பத்தரிடம் கொண்டுபோனாள். அவர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்.

"இருபத்திரண்டு கரட், அக்கா. சேர்த்த செம்பு கூடினால் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். நிறத்தை வைச்சுத் தரம் சொல்லேலாது."

"அப்ப அந்த மஞ்சள் காப்பு?"

"உரைச்சால்தான் தெரியும்."

றெஜினாவுக்கு அன்று வியாபாரத்தில் மனம் நிற்கவில்லை. பின்னேரம் ஜொய்சி வீட்டுப் படலையைத் தட்டினாள்.

"மச்சாள், உங்கடை காப்பை ஒருக்காத் தாங்கோ."