இரத்தினவேல் வாங்கிய முத்திரைக்கல்

புலம்பெயர்ந்து வந்த இரத்தினவேலுக்கு வேலை பிறம்ரன் நகரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, வீடு மோர்னிங்சைட்டில். பண்டைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்மீது அவருக்கு இளமையிலிருந்தே ஒரு பித்து. தங்கள் நகரத்துக்கு 'ஊர்' என்று பெயர் வைத்தவர்கள் தமிழரல்லாமல் வேறு யார் என்று எவரோடும் மல்லுக்கு நிற்பார்.

போன மாரிக் குளிரில் இணையத்தில் ஒரு சுமேரிய முத்திரைக்கல்லை வாங்கினார். சுண்டுவிரல் நுனியளவு கறுப்பு உருளை. அது வந்த அன்று, மனைவி தவமணி ரொட்டிக்குக் குழைத்திருந்த மாவில் கொஞ்சம் கிள்ளித் தட்டையாக்கி, அதன்மேல் கல்லை உருட்டினார். மாவில் உருவங்கள் எழும்பின. ஆசனத்தில் ஒரு தெய்வம். அதன் முன்னே ஒரு மனிதனைக் கைபிடித்துக் கூட்டிவரும் இன்னொரு தெய்வம்.

"தவம், இஞ்சை வந்து பாரும்! நாலாயிரம் வருசத்துக்கு முந்தின ஆள் இவன்."

"மாவைத் தாங்கோ, ரொட்டி சுட வேணும்" என்ற தவமணியும் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் அதைத் தன்னோடு வேலை செய்யும் ஹனாவிடம் காட்டினார். அவள் ஈராக்கின் நாசிரியாக்காரி. பழைய 'ஊர்' நகரம் இருந்த மேடு அங்கிருந்து கிட்ட. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் கல்லைத் தொடவேயில்லை. போருக்குப் பிறகு ஆட்கள் கூட்டமாக வந்து மேடுகளைத் தோண்டியதையும், காவலுக்கு நின்ற தன் தமையனை அடித்துப் போட்டதையும் சொன்னாள்.

"உனக்கு விற்றவனுக்கு இது எப்படிக் கிடைத்தது?"

விற்றவனிடம் எழுதிக் கேட்டார். பழைய சேகரிப்பு என்று ஒரு வரி மட்டும் வந்தது.

அதன்பின் இரத்தினவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லை மேசை லாச்சிக்குள் வைப்பார், எடுப்பார், சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரை எடுத்து விட்பி நகரம்வரை ஓடித் திரும்புவார்.

"என்னப்பா உங்களுக்கு?" என்று தவமணி அதட்டினாள்.

"தொண்ணூற்றைஞ்சிலை சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பிப் போகேக்கை எங்கடை வீட்டிலை கதவு, நிலை ஒண்டுமில்லை. பிறகு எங்கடை முன்கதவை வேறையொருத்தன்ரை வீட்டிலை கண்டனான். கேட்டதுக்கு, தான் காசு குடுத்து வாங்கினதெண்டான். இப்ப நானும் அதைத்தானே சொல்லுறன்?"

தவமணி லாச்சியிலிருந்த கல்லை எடுத்து அவர் கையில் வைத்தாள். "அப்ப கொண்டுபோய்க் குடுங்கோ. நானும் வாறன்."

இருவரும் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போய் ஈராக் தூதரகத்தில் கல்லை ஒப்படைத்தார்கள். அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கினார். ஆய்வு முடியக் கோடையாகிவிட்டது. தொலைபேசியில் அழைத்த அதே அதிகாரி, கல் உண்மையானதுதான், நாட்டுக்குத் திரும்பிப் போகிறது என்றார்.

"எந்த இடத்தில் எடுத்தது?" இரத்தினவேல் ஆவலோடு கேட்டார்.

"அதை இனி யாராலும் சொல்ல முடியாது. தோண்டியவர்கள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"குடுத்தாச்செல்லே, இருங்கோவன்" என்றாள் தவமணி.

"குடுத்தாச்சு. ஆனா அந்தக் கல்லிலை நிண்ட மனிசன் ஆர், எங்கை இருந்தவன் எண்டு தெரியாமலே போட்டுதே, தவம்."