இரண்டு தொட்டிகளில் ஒரே மரபணு

அலுவலகத்தில் அவளுக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பின்னே என்ன? கம்ப்யூட்டர் நல்லதாக ஒரு விடை கொடுத்தால் மற்றவர்கள் கை தட்டுவார்கள். இவள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எங்கேயோ இடிக்குதே" என்பாள்.

கழிவுநீர்த் தொட்டிகளில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. மரபணு தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது ஊரறிந்த விஷயம். பாக்டீரியாவோ பக்கத்தில் இருப்பவனுக்கும் தூக்கிக் கொடுத்துவிடும், சொந்தமா பந்தமா என்றெல்லாம் பார்க்காது. அப்படிக் கைமாறியது எது என்று கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியவளே இவள்தான்.

வாரா வாரம் குளிர்பெட்டியில் மாதிரிப் புட்டிகள் வரும். ஆய்வகத்தில் அதைப் பிரிக்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு இவளும் போய் நிற்பாள். புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் தேதி, தொட்டி எண், நீரின் வெப்பம். ஒருமுறை, "மழை. தண்ணீர் கலங்கல்" என்று கூடுதலாக ஒரு வரி. அதைக் கடிதம் வந்தது போலப் பத்துத் தடவை படித்தாள். அந்தக் குண்டுக் கையெழுத்து அவளுடைய அக்காவுடையது.

நான்கு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டவள் அக்கா. ஒருநாள் போனில் அவள் அலுத்துக்கொண்டபோது, இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அம்மா போன மறுமாதமே அக்கா கழிவுநீர் நிலையத்தில் மாதிரி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே துண்டித்திருக்கிறாள் தங்கை. புட்டிகளைப் பார்ப்பதோடு சரி.

அந்த வாரம் நிரல் ஒரே மரபணுவை இரண்டு இடத்தில் காட்டியது: மூன்றாம் தொட்டியின் பாக்டீரியா ஒன்றில், அதற்கு ஒட்டுறவே இல்லாத ஏழாம் தொட்டியின் இன்னொன்றில். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

"மாதிரி எடுக்கறவங்க ஒரே குவளையை ரெண்டு தொட்டியிலயும் முக்கியிருந்தா?" என்றார் மேலதிகாரி. "அப்படின்னா மறுபடி முதல்லேருந்து மாதிரி எடுக்கணும். இல்லேன்னா நமக்கு வேண்டிய சான்று கிடைச்சாச்சு, இந்த வாரத்தோட ஆய்வை முடிச்சுக்கலாம்."

முடித்துக்கொண்டால் புட்டிகள் வராது. அக்கா தப்புச் செய்திருக்கக் கூடாதா என்று அவள் மனம் ஏங்கியது. வெட்கக்கேடுதான். ஆனாலும் ஏங்கியது.

மத்தியானம் முழுக்க அந்த மரபணுவின் அக்கம்பக்கத்தைத் துருவினாள். குவளையில் ஒட்டிவந்த அழுக்கு என்றால், மூன்றாம் தொட்டிப் பாக்டீரியா தன் மற்ற மரபணுக்களோடு முழுசாக வந்திருக்கும். இங்கேயோ அந்த ஒன்று மட்டும், ஏழாம் தொட்டிக்காரனின் சொந்த மரபணுக்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கைமாறியது உண்மை. அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை. அறிக்கையில் அதை அப்படியே எழுதி அனுப்பினாள். பொய் எழுத அவளுக்கு வராது.

அனுப்பிய பிறகுதான் போனை எடுத்தாள். இந்த முறை மணி அடிக்க விட்டாள்.

"ஆய்வகத்திலேருந்து பேசறேன். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனிக் குவளைதானே?"

தங்கையின் குரல் தெரியாமலா இருக்கும்? "தனித்தனிதான், மேடம்," என்றாள் அக்கா. "வேற ஏதாவது கேக்கணுமா?"

மேடமாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீ சரியாத்தான் எடுத்திருக்கேன்னு தெரியும்க்கா. அறிக்கைகூட அனுப்பிட்டேன்."

"தெரிஞ்சுகிட்டே எதுக்குக் கேக்கறீங்க?"

"இனிமே புட்டி வராது. உன் கையெழுத்தைப் பார்க்க எனக்கு வேற வழியில்ல. அன்னிக்கு நான் அப்படிக் கேட்டது தப்புக்கா. ஒரு தடவை அங்க வரட்டுமா?"

அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் தேய்ந்தது; அக்கா தள்ளி நடக்கிறாள். போனை வைத்துவிடலாமா என்று தங்கை நினைத்தாள், வைக்கவில்லை.

"இங்க ஒரே சேறு," என்றாள் அக்கா கடைசியில். "பூட்ஸ் கொண்டு வா. உன் சின்னக் காலுக்கு இங்க இருக்கறது எதுவும் சேராது."