கனடாவில் ஓடிய கொக்குவில் நாய்

கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் சின்ன ஸ்ரூடியோ. இருபது வருடத்தில் நான் படத்தில் ஏற்றிய பொய்களுக்கு அளவில்லை. வழுக்கைத் தலையில் மயிர் முளைக்க வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைமாரை இரண்டு அங்குலம் வளர்த்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு கலியாணத்துக்கே வராத ஒரு பெரியப்பாவை, பழைய படமொன்றிலிருந்து வெட்டியெடுத்துப் பின்வரிசையில் சிரித்தபடி நிற்க வைத்திருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பிடிபட்டது ஒரே ஒரு முறை, அதுவும் என்னைப் பெற்றவளிடம்.

என் தங்கை கனடாவில் இருக்கிறாள். கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை, தை மாதம் பிறக்க இருந்தது. பிள்ளைப்பேறு பார்க்க அம்மா போகவேண்டும். விசா வந்துவிட்டது. பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கச் சரக்கு வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்தாயிற்று. பேரப்பிள்ளைக்குப் பழைய சேலையில் துண்டுகூடக் கிழித்து வைத்தாயிற்று. எல்லாம் ஆயத்தம், அம்மாவைத் தவிர.

அதற்கு முந்தின வருடம் அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து காலை முறித்திருந்தாள். மூன்று மாதம் படுக்கை. எழும்பிய பிறகும் சுவரைத் தொடாமல் நாலு எட்டு வைக்கமாட்டாள். எங்கள் வீட்டு நாயும் அதே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுப் பின்னங்காலை முறித்துக்கொண்டது. இரண்டு பேரும் முற்றத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் நொண்டித் திரிந்தார்கள். நான்தான் இரண்டு பேருக்கும் எண்ணெய் பூசினேன். நாய் என்னைக் கடிக்கவில்லை, அம்மா வாயால் கடித்தாள்.

"பாசியிலையே என்னாலை நிக்கேலாமல் போச்சு. ஐஸிலை நான் என்னெண்டு நடக்கிறது?" என்று தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள். "நான் விழுந்தால் ஆர் ஆரைப் பார்க்கிறது? நீ பச்சைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு என்னையும் தூக்குவியோ? நான் வரேல்லை."

தங்கைக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. "அம்மா, பக்கத்து வீட்டு நாயே ஸ்னோவிலை ஓடித் திரியுது. நாய் ஓடுற இடத்திலை நீங்கள் நடக்கேலாதோ?" என்றாள்.

"நாய் ஓடுதோ? எங்கை, காட்டு பாப்பம்" என்றாள் அம்மா.

அன்று பிடித்தது சனி. எட்டு மாத வயிற்றோடு யன்னலில் நின்று என் தங்கை எடுத்த படங்களைத் தொழில்காரனான நான் பார்த்திருக்கவே கூடாது. முதல் படத்தில் முழுக்க வெள்ளை. இரண்டாவதில் ஒரு மண்ணிற வால். மூன்றாவதில் அவளுடைய பெருவிரல். வீடியோ ஒன்றும் வந்தது. அதில் நாயைக் காணவில்லை, அவளுடைய மூச்சிரைப்புத்தான் பெரிதாகக் கேட்டது. அம்மா அதைக் கேட்டு இன்னும் பயந்தாள். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதிலை நாயைக் காணேல்லையே. விழுந்திட்டுது போலை" என்றாள்.

அந்த வியாழக்கிழமை தங்கை எனக்குத் தனியாக அழைத்தாள். திங்கட்கிழமைக்குள் ரிக்கற் போடாவிட்டால் விமானத்தில் இடமில்லையாம். அதைச் சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று உடைந்துபோனாள். "அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. அம்மா வராட்டி நான் தனிய என்ன செய்வன்?" என்று அழுதாள். சின்ன வயதில் என் சைக்கிளைக் கேட்டு அழுதபோதுகூட இப்படி அழவில்லை. ஒரு நாய்ப் படம்தானே, அதை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இணையத்தில் பனியில் ஓடும் நாய்கள் கணக்கில்லாமல் கிடக்கும். ஆனால் இன்னொருவன் எடுத்த படத்தைத் திருட என் தொழில் மானம் விடவில்லை. பெரியப்பாவை வெட்டி ஒட்டியது திருட்டில்லை, அது சேவை. தவிர, தங்கையின் பக்கத்து வீட்டு நாய் மண்ணிறம் என்று வாலிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் நாயும் மண்ணிறம். அப்புறம் என்ன வேண்டும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வழமைபோல வாசலிலிருந்து ஓட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய் வந்தாள். என் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு, "பைரவருக்கும் பூசவேணும்" என்று சுவரைப் பிடித்துக் குனிந்து நாயின் நெற்றியிலும் மூன்று விரலால் இழுத்தாள். எங்கள் வீட்டில் அது ஒவ்வொரு வெள்ளியும் நடக்கிற காரியம். "நாய்க்கு ஊசி போட்டிட்டு வாறன்" என்று பொய் சொல்லி, ஓட்டோ ஓடும் என் கூட்டாளியின் பின்சீற்றில் நாயை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

போன இடம் மணற்காடு. கடலோரத்தில் மேடுமேடாக வெண்மணல். கலியாணச் சோடிகளைக் கொண்டுபோய் உருட்டி உருட்டிப் படம் எடுப்பது அங்கேதான். கார்த்திகை மாதத்து மூட்டத்தில் வெயில் இல்லை, நிழல் இல்லை. கொஞ்சம் நிறத்தைக் குறைத்தால் கனடாவேதான். நான் மணலில் குப்புறப் படுத்துக் கமராவைப் பிடித்தேன்.

நாய் உட்கார்ந்தது.

கூட்டாளி, தின்ன வாங்கி வந்த ரோல்ஸ் ஒன்றைக் காட்டிக்கொண்டு ஓடினான். நாய் ஆறுதலாக நடந்துபோய்த் தின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது ரோல்ஸுக்கும் அதே கதை. மூன்றாவதைக் கூட்டாளியே தின்றுவிட்டான். பிறகு குரைத்துக் காட்டினான், நாலு காலில் தவழ்ந்தான், மேட்டிலிருந்து உருண்டு விழுந்தான். அவன் காற்றில் பறக்கிற அருமையான படங்கள் என்னிடம் இப்போதும் இருக்கின்றன. நாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"மச்சான், உவன் ஓடமாட்டான். கால் முறிஞ்ச நாளிலையிருந்து உவன் ஓடி நீ கண்டனியோ?" என்றான் கூட்டாளி, வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டு.

உண்மைதான். வருடம் ஒன்றாக அந்த நாய் ஓடியதே இல்லை. கால் பொருந்திவிட்டது என்று மிருக வைத்தியர் எப்போதோ சொல்லிவிட்டார். நாய்தான் அதை நம்பவில்லை. எனக்கு அழுகை வராத குறை. கமராவை மூடப்போன நேரம் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று வந்தது. சத்தத்தைக் கூட்டி அழுத்தினேன்.

"எடேய், ஒரு ஊசி போட இவ்வளவு நேரமோ? உவன் காலமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை, தெரியுமோ? சோறு குழைச்சு வைச்சிருக்கிறன். போனை அவன்ரை காதிலை பிடி. உஞ்சு, உஞ்சு! வா ராசா, இஞ்சை வா!"

நாயின் காது இரண்டும் நிமிர்ந்தன. எழுந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. நானும் கூட்டாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் போனைப் பறித்துக்கொண்டு மணல்மேட்டின் மறுகரைக்கு ஓடி, தலைக்கு மேலே பிடித்து மறுபடி போட்டான். "உஞ்சு, உஞ்சு! வா ராசா!"

ஐயோ, அது ஓடின ஓட்டம்! முதல் மூன்று எட்டு நொண்டிற்று. நாலாவது எட்டில் நொண்டியதை மறந்துவிட்டது. மணல் நாலாபக்கமும் சிதற, நாக்கு ஒரு பக்கம் பறக்க, வால் சுழல வந்தது. நான் அழுத்திய விரலை எடுக்கவில்லை. ஒரு படத்தில் நாலு காலும் நிலத்தில் இல்லை.

சனிக்கிழமை முழுவதும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். மணலை வெளிறவைத்தேன். தூரத்தில் நின்ற இரண்டு பனைகளை அழித்தேன். ஆட்டுப் புழுக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கூட்டாளியின் ஒற்றைச் செருப்பை எடுத்தேன். அசல் பனி. ஞாயிறு காலை தங்கையின் போனிலிருந்து அம்மாவுக்குப் படம் வந்தது, அதுதான் எங்கள் ஏற்பாடு.

அம்மா குசினியில் நின்று போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரலால் பெருப்பித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கனடாவிலை வெள்ளைக்காரர் நாய்க்கு விபூதி பூசுறவையோ?"

எட்டிப் பார்த்தேன். நடு நெற்றியில் மூன்று குறி பளிச்சென்று இருந்தது. என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். எங்கள் தொழிலில் முகத்தை என்னவும் செய்யலாம், திருநீறிலும் பொட்டிலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் சனம் ஸ்ரூடியோவை உடைக்கும். அதனால் எந்த நெற்றியைக் கண்டாலும் என் கை தானாகத் திருநீறைத் துலக்கிவிடும். நாய்க்கும் துலக்கியிருக்கிறது.

"அது ஸ்னோ அம்மா" என்றேன்.

"ஸ்னோ என்ன, மூண்டு குறியாவோ விழுறது?"

அந்த நேரம் பார்த்து நாய் குசினிக்குள் வந்து வாலை ஆட்டியது. "இந்தா, கனடாக்காரர் வந்திட்டார்!" என்று அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கால் முறிந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு வெட்கம், அதோடு ஆத்திரம். "பின்னை என்ன செய்யிறது? நாய் ஓடினாத்தான் போவன் எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள். அவள் அங்கை அழுறாள்" என்று மணற்காடு, ரோல்ஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. படத்தை மறுபடி பெருப்பித்தாள். இந்த முறை நெற்றியை அல்ல, பின்னங்காலை.

"உவன் ஓடுறான்" என்றாள்.

"ஓம்."

"என்னெண்டு ஓட வைச்சனீ?"

"நான் எங்கை வைச்சன்? நீங்கள் கூப்பிட்டீங்கள், ஓடினவன்" என்று அந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைத் தானே கேட்டபடி நின்றாள். உஞ்சு, உஞ்சு என்றதும் காலடியில் நின்ற நாய் குழம்பிப்போய்ப் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அடுப்பைக் குறைத்தாள்.

"தங்கச்சிக்கு எடு."

தங்கை முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மா, படம் பாத்தீங்களோ? நாய் ஓடுதெல்லோ?" பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, குரல் நடுங்கியது.

"பாத்தன் பிள்ளை. அந்தமாதிரி ஓடுது. ரிக்கற்றைப் போடு, வாறன்" என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

தை பிறந்து இரண்டாம் கிழமை பெண்பிள்ளை பிறந்தது. மாசியில் தங்கை எனக்கு ஒரு படம் அனுப்பினாள், வழமைபோலக் கை ஆடி எடுத்தது. பனி நடுவில் அம்மா, சேலைக்கு மேலே மருமகனின் பெரிய ஜக்கற்றும் முழங்கால்வரை சப்பாத்துமாக. பிடிக்கப் பக்கத்தில் ஒரு சுவரும் இல்லை. அவளை நோக்கிப் பக்கத்து வீட்டிலிருந்து மண்ணிறமாக என்னவோ ஒன்று பாய்ந்து வருகிறது. கால் எது, வால் எது என்று தெரியவில்லை. நெற்றியில் மூன்று குறி மட்டும் நல்ல தெளிவாகத் தெரிகிறது.

வேறு யாராவது அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்தால் குப்பையில் போடச் சொல்லியிருப்பேன். அதைப் பெரிதாக அடித்து ஸ்ரூடியோ வாசலில் மாட்டியிருக்கிறேன். ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை.