மங்கல் வெளிச்சத்தில் ஒரு சமாதானப் பேச்சு

அந்த வருடங்களில் நான் லண்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளியாக இருந்தேன். ஒரு இலையுதிர்காலம் முழுக்க நான் நின்ற அறையில், ஏறத்தாழ நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஓவியர் சோக்குக் கட்டியால் கீறிய படங்கள் தொங்கின. மனுசன் அரசர்களுக்குத் தூதுவராகவும் போனவர். ஸ்பெயினையும் இங்கிலாந்தையும் சமாதானப்படுத்த லண்டனுக்கே வந்திருக்கிறார்.

இதை ஹரோவிலுள்ள எங்கள் தமிழ்ப் பள்ளித் தலைவரிடம் சொன்னது என் பிழை. ஆண்டுவிழாவில் குத்துவிளக்கை முதலில் யார் கொளுத்துவது என்ற சண்டையில் பள்ளி அப்போது இரண்டாக உடைந்திருந்தது. ஒரே கட்டிடத்தில் மேலே ஒரு கமிட்டி, கீழே மற்றது. இரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் மேலே, மூன்றாம் வகுப்புப் புத்தகங்கள் கீழே.

அந்தப் படங்களுக்கு முன்னால் இரு பகுதியும் கைகுலுக்க வேண்டும் என்று தலைவர் முடிவெடுத்தார். எதிர்க் கமிட்டித் தலைவரான பல் வைத்தியரிடம் என்னையே தூது அனுப்பினார். யார் முதலில் உள்ளே போவது என்று வைத்தியர் கேட்டார். கதவு அகலம், சேர்ந்தே வரலாம் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் இருவரும் கோட் சூட்டில் வந்தார்கள். பழைய காகிதம் பழுதாகாமலிருக்க அறையில் வெளிச்சம் குறைவு. ஓவியர் தன் சின்ன மகனைக் கீறிய படத்துக்கு முன்னால் நின்றார்கள். கன்னத்தில் மட்டும் சிவப்புச் சோக். நான் தினமும் பார்த்தும் அலுக்காத படம். அவர்களோ படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பைத்தான் வாசித்தார்கள்.

"இவருக்கு அரண்மனையில 'சேர்' பட்டம் குடுத்திருக்கினம்" என்றார் தலைவர்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் வைத்தியர்.

"ரெண்டு பக்கமும்."

இருவரும் மரியாதையோடு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்கள்.

பிறகு தலைவர் கமராவை என்னிடம் நீட்டினார். "அண்ணை, இங்க படம் எடுக்க ஏலாது" என்றேன். கைகுலுக்க இருவரும் நீட்டிய கைகள் பொக்கற்றுக்குள் திரும்பிப் போயின. எடுத்தாலும் இந்த இருட்டில் முகம் தெரியாது என்றார் வைத்தியர். தலைவர் ஆமோதித்தார். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

நேரே வரவேற்பு மேசைக்குப் போய், வெளிச்சம் போதாது, காவலாளி ஒத்துழைக்கவில்லை என்று ஒரே தாளில் முறைப்பாடு எழுதிக் கையெழுத்திட்டார்கள். இவர்களைத் தெரியுமா என்று என் மேலதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வராததால் இருவரும் இன்னொரு கடிதம் எழுதக் கூடினார்கள். மூன்றாவது கடிதம் எழுதுவதற்குள் கமிட்டிகள் ஒன்றாகிவிட்டன. அடுத்த சனிக்கிழமை மேல்மாடிப் புத்தகங்களைக் கீழே இறக்க ஆள் தேவைப்பட்டது. எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.