மெடிக்கல் போர்டு முன்னால் மருந்தீஸ்வரர் என்னைப் பேச வைத்தார்

காலையில் எழுந்தால் என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. இது ஆரம்பித்தது 1968 மார்கழியில். முதலில் பனி என்று நினைத்தேன். தை வந்தது, மாசி வந்தது, பங்குனி வெயிலும் வந்துவிட்டது. விரல் மட்டும் அப்படியே இருந்தது. பல் தேய்க்க முடியாது. தலை பின்ன முடியாது. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். டாக்டர் பார்த்துவிட்டுச் சரவாங்கி என்றார். மூட்டு மூட்டாகப் பிடிக்கும், ஏறும், இறங்கும், முழுசாகப் போகாது என்றார். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட்.

டைப்பிஸ்டுக்கு விரல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்!

நம் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். மந்தைவெளி சரஸா. எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்குப் படபடவென்று வந்துவிடும். அதனால் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். சொல்வது நான், எழுதுவது என் தம்பி மனைவி லலிதா. நடுவில் அவள் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனதும் வேலைக்குப் போனேன், தம்பியைப் படிக்க வைத்தேன். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறேன். தங்கமானவன். ஆனாலும் நான் வளர்த்த பிள்ளையிடமே போய் எனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்டு நிற்பது என் சுபாவத்துக்கு ஆகாது. வேலை இருக்கிறவரை அந்தக் கவலை இல்லை. விரல் போக ஆரம்பித்ததும் அந்த ஒரு கவலைதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

டாக்டர் மருந்தோடு சுவாமியையும் பிடித்துக்கொண்டேன். திருவான்மியூர் மருந்தீஸ்வரர். பேரிலேயே மருந்து இருக்கிறதே! திங்கட்கிழமைதோறும் ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்துப் போவேன். விபூதியை வாங்கி விரல் விரலாகத் தடவிக்கொள்வேன். வியாதி போகட்டும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. நாலு வருஷம் இப்படிப் போயிற்று. வியாதியும் என்னோடுதான் பஸ்ஸில் போய் வந்தது.

1972இல் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்.

"லீவெல்லாம் தீர்ந்துபோச்சும்மா. பேசாம இன்வாலிட் பென்ஷனுக்கு எழுதிப் போடுங்க. உடம்பு முடியாம வேலைய விடறவங்களுக்கு சர்க்கார் குடுக்கறது. பத்து வருஷ சர்வீஸ் தாண்டிட்டீங்க, ரூல்ல இடம் இருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் என்ன செல்லாக்காசா சார்?"

"அப்படி இல்லம்மா. மெடிக்கல் போர்டு பார்த்து சர்ட்டிபிகேட் குடுத்தா பென்ஷன். குடுக்கலேன்னா நீங்க வந்து டைப் அடிச்சே ஆகணும். அடிக்க முடியலேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. வேலையும் போகும், பென்ஷனும் கிடைக்காது.

விண்ணப்பம் போட்டேன். ஆடி மாதத்தில் போர்டு கூப்பிட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில், பிற்பகல் இரண்டு மணிக்கு.

இப்போது என் அசட்டுத்தனத்தைக் கேளுங்கள். அன்று காலையில் லலிதா எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, வெந்நீரில் கைக்கு ஒத்தடம் கொடுத்து, மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். தலையில் ஒரு முழம் மல்லிகை. "பெரிய பெரிய டாக்டர்கள் முன்னாடி போறேள் அக்கா. அழுதுவடிஞ்சுண்டா போவேள்?" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மூன்று டாக்டர்கள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"சௌக்கியமா இருக்கேன் டாக்டர்" என்றேன்.

எங்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. பெரியவர்கள் யார் கேட்டாலும் சௌக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும், குறை சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். அரிசிப் பானை காலியானால்கூட அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். அதே வாய்தானே! அவர் பேனாவை எடுத்து என்னவோ எழுதினார்.

"விரலை மடக்குங்க பார்ப்போம்."

காத்திருந்து உள்ளே போனதில் அப்போது மணி மூன்றரை. என் வியாதிக்குக் காலையில்தான் ராஜ்யம். மத்தியானத்துக்கு மேல் விரல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். ஒத்தடம் வேறு கொடுத்திருந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன். பெரிய மனுஷர்கள் முன்னால் நன்றாக மடக்கிவிட்டோம் என்று உள்ளூர ஒரு பெருமை வேறு!

பத்து நாளில் உத்தரவு வந்தது. வேலை செய்யத் தகுதி உள்ளவர், உடனே வேலையில் சேர வேண்டும்.

மறுபடியும் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு கடிதம் அடித்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் பாவம் பார்த்து என் வேலையையும் சேர்த்து அடித்தார்கள். எத்தனை நாளைக்கு அடிப்பார்கள்? எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றால் முழங்கால் நிற்க விடவில்லை. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். தம்பி நல்லவிதமாகப் பேசினாலும் எரிச்சல், பேசாமல் போனாலும் எரிச்சல்.

அடுத்த திங்கட்கிழமை சன்னதியில் நின்று சண்டை போட்டேன். "மருந்தீஸ்வரன்னு பேரை வெச்சுண்டு எனக்கு ஒரு மருந்தும் தரலை. போகட்டும். சர்க்கார் தர வந்ததையும் நீ கெடுக்கணுமா?" என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து போய் நின்றுகொண்டாள்.

குருக்கள் விபூதித் தட்டோடு வந்தார். "என்ன மாமி, சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணில் ஜலம், காலில் வீக்கம், இத்தனை நேரம் சுவாமியோடு சண்டை. அவர் எதிரிலேயே நின்றுகொண்டு சௌக்கியமாம்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. குருக்கள் பயந்துபோனார். "என்னாச்சு மாமி?" என்றார்.

"பொய் சொல்லிட்டேன் மாமா. அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்லிட்டேன்."

அன்று எனக்குப் புரிந்தது. டாக்டர்கள் அநியாயம் செய்யவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள். அன்றுதான் முதல் தடவையாக வேறு ஒன்றை வேண்டிக்கொண்டேன். "விரலை நீ குடுக்கறபோது குடு. இப்போ நிஜத்தைச் சொல்ற வாயைக் குடு. கேக்கறவாளைக் காலம்பற கேக்க வை." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரமும் இல்லை, ஸ்லோகமும் இல்லை.

சூப்பரின்டெண்டென்ட் மறுபரிசோதனைக்கு எழுதினார். காலை நேரத்தில் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார். அதற்குப் பிறகு காத்திருந்தேன் பாருங்கள், அதை என் விரோதிக்கும் சொல்ல மாட்டேன். ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே வாசலில் போய் நிற்பேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து கால் வீங்கிற்று. ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி, "இந்த வாட்டி கட்டையை ஊணிண்டு நொண்டிண்டே போ, அப்பதான் நம்புவா" என்றாள். ஒளிப்பானேன்? சமையலறையில் நொண்டிப் பார்த்தேன். லலிதா விழுந்து விழுந்து சிரித்தாள். நிஜமாகவே நொண்டுகிறவளுக்கு நொண்டுவதுபோல நடிக்க வரவில்லை! சுவாமியிடம் நிஜத்தைச் சொல்கிற வாயைக் கேட்டுவிட்டு நடிப்புக்குப் போகிறோமே என்று எனக்கே வெட்கமாகவும் இருந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் நோட்டீஸ் வந்தது. மறுபடியும் பிற்பகல் இரண்டு மணி. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று விளக்கு ஏற்றக்கூட எழுந்திருக்கவில்லை.

போர்டுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் பியூன் வீட்டுக்கே ஓடி வந்தான். டாக்டர் ஒருவர் மறுநாள் மத்தியான ரயிலில் வெளியூர் போகிறாராம், அதனால் போர்டு காலை எட்டு மணிக்கே கூடுகிறதாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த டாக்டருக்கு என்ன அவசரமோ, யார் கூப்பிட்டார்களோ, உங்களில் சிலர் தற்செயல் என்பீர்கள். அவரை ரயில் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும்.

காலையில் எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் நேரம் இல்லை. நூல் புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். லலிதா கூடவே வந்தாள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் முனுசாமி என்னைத் தூக்காத குறையாக ஏற்றினார்.

"இன்னாமா, கை இப்டி வீங்கிக் கீது! டாக்டராண்ட நல்லா காட்டு. ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினு வந்துடாத."

அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தத் தடவை நடுவில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

நாக்கு பழைய வார்த்தைக்குக் கிளம்பிவிட்டது. வாய் வரை வந்தது. அப்படியே நின்றது. நான் நிறுத்தவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

"நன்னா இல்லை டாக்டர்" என்றேன். பிறந்ததிலிருந்து நான் சொல்லாத வார்த்தை. அதற்கப்புறம் யாராலும் என்னை நிறுத்த முடியவில்லை. "ரவிக்கைக்குப் பட்டன் போட்டுக்க முடியலை, தம்பி ஆம்படையாதான் போட்டு விடறா. சாதம் பிசைய முடியலை. ஒரு லெட்டர் அடிக்க அரை நாள் ஆறது. போன தடவை இங்கே வந்து சௌக்கியம்னு சொன்னேன். அது பழக்கதோஷம். நீங்க எழுதி வெச்சிருந்தேள்னா தயவுபண்ணி அதை அடிச்சுடுங்கோ!" என்று ஓவென்று அழுதேன்.

லேடி டாக்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். என் விரலை எடுத்து மெதுவாக மடக்கப் பார்த்தார். ஐயோ அம்மா என்று அலறிவிட்டேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து மூன்று பேரும் பார்த்தார்கள்.

"ஏம்மா இத்தனை நாளா வாயத் திறக்கல?" என்று கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன். விரல்கள் சரியாகக் கூடவில்லை.

மாசி மாதம் பென்ஷன் உத்தரவு வந்தது. தம்பி படித்துக் காட்டினான். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். இன்றுவரை அவனிடம் எதற்கும் கேட்டு நின்றதில்லை. என் தலை நிமிர்ந்தபடியே இருக்கிறது. அது மருந்தீஸ்வரர் போட்ட பிச்சை.

வியாதி போயிற்றா என்று பஜனையில் கேட்கிறார்கள். போகவில்லை. இன்று காலையிலும் டம்ளரை உள்ளங்கையால்தான் தூக்கினேன். ஆனால் மனசில் ஒன்றும் அடைத்துக்கொண்டு இல்லை. வலித்தால் வலிக்கிறது என்கிறேன். போன வருஷம் கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆயா, மூச்சுத் திணறலோடு மாடிப்படி ஏறி மணி அடித்துக்கொண்டிருந்தாள். அவளை நானே போர்டுக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாடி ஏறியதும் உள்ளே போ, மூச்சு வாங்குவதை மறைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். அவளுக்கும் பென்ஷன் கிடைத்தது.

அதனால் சொல்கிறேன். உங்களில் யாராவது உடம்பு முடியாமல், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உள்ளுக்குள்ளே புழுங்கிக்கொண்டிருந்தால், முதலில் மருந்தீஸ்வரரிடம் போய்க் கொட்டிவிடுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம், சண்டை போட்டாலும் கேட்கிறார். அப்புறம் மந்தைவெளிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். எந்த ஆபீசுக்கு வேண்டுமானாலும் கூட வருகிறேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு நான் திருவான்மியூரில் இருப்பேன். விரல் விஷயமாக எனக்கும் அவருக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை.