வெட் பல்பும் கீர்த்தனா கல்யாணமும்

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவில் யார் வடாம் பிழிந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். வானிலை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அந்த மரியாதை உண்டு. வடாம் நனைந்தால் வசவும் உண்டு. ஆனால் நான் கெடுத்ததிலேயே பெரியது அக்கா மகள் கீர்த்தனாவின் கல்யாணம்.

நகருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு மலை ஊரில், திறந்த புல்வெளியில், எதிரே மலை தெரியத் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். அங்கே பார்த்த ரிசார்ட்டில் புல்வெளியும் இருந்தது, மூடிய ஹாலும் இருந்தது. முகூர்த்தம் ஏப்ரல் முதல் வாரம். எது வேண்டும் என்று பத்து நாள் முன்பே சொல்லியாக வேண்டும். அவள் அப்பா, என் அத்திம்பேர், அந்த முடிவை என் தலையில் கட்டிவிட்டார்.

"வானத்தைப் பத்தி நீ சொன்னா அப்பீலே கிடையாது."

அந்த ஊர் ரீடிங் தினமும் காலை எட்டரைக்கு ஃபோனில் என் மேஜைக்குத்தான் வரும். அங்கே டீக்கடை வைத்திருந்த செல்லையா எங்கள் பகுதி நேர அப்சர்வர். வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று டிரை பல்பு, காற்றின் வெப்பத்தை அப்படியே காட்டும். மற்றது வெட் பல்பு; அதில் சுற்றிய துணித்திரி ஒரு சின்னக் குப்பித் தண்ணீரில் நனைந்தபடி இருக்கும். காற்று காய்ந்திருந்தால் திரித் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்து, வெட் பல்பு குறைத்துக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மூடுபனி அல்லது மழை.

மார்ச் நடுவிலிருந்து பெரும்பாலான நாட்கள் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

"டிரை இருபத்தொண்ணு நாலு, வெட் இருபத்தொண்ணு நாலு. ஆனா மேடம், இங்க நல்ல வெயிலாக்கும்."

"நம்பரை மட்டும் சொல்லுங்க செல்லையா. வெயிலை நான் பாத்துக்கறேன்."

திருவனந்தபுரத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னேன். திங்களும் செவ்வாயும் மட்டும் வெட் பல்பு நன்றாக இறங்கி வரும். வாரத் தொடக்கத்தில் மனுஷன் தூக்கம் தெளியாமல் தப்பாகப் படிக்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

"காலம்பற மூடுபனி நிச்சயம். ஹாலையே எடுத்துக்கோங்கோ," என்று தீர்ப்புச் சொன்னேன். கீர்த்தனா சண்டை போடவில்லை. "சரி சித்தி," என்று ஃபோனை வைத்துவிட்டாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

கல்யாணத்தன்று வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. ஹாலுக்குள் அறுபது பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். குடையோடு வந்தவள் நான் ஒருத்திதான். மணையில் உட்கார்ந்திருந்த கீர்த்தனா ஜன்னல் பக்கம் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.

தாலி கட்டியதும் பட்டுப்புடவையோடு செல்லையா கடைக்கு நடந்தேன். அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன். குப்பியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரி காய்ந்து விறைத்திருந்தது. நனையாத வெட் பல்பு இன்னொரு டிரை பல்புதான்.

"தண்ணி ஊத்தலையா?"

"திங்களாச்ச தோறும் ஊத்துறேனே மேடம். நீங்க எழுதினதுதான?"

கதவின் உள்பக்கம் காட்டினார். 'குப்பியில் தண்ணீர், திங்கள்தோறும்' என்று என் கையெழுத்தில் ஒரு தாள். என்றோ ஒரு மழைக்காலத்தில் போனபோது நானே ஒட்டியது. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் வாரம் முழுக்க வரும். வெயில் ஏறினால் இரண்டே நாள். டிரெயினிங்கில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம்.

"அப்போ நான் வெயிலுன்னு சொன்னது சரிதானே மேடம்?"

"சரிதான் செல்லையா," என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து கீர்த்தனாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"வெயில் அடிக்கறதுன்னு தெரிஞ்சுக்க தெர்மாமீட்டர் எதுக்கு சித்தி?" என்றாள். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையைப் புல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் என் கையையும் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும் வரை, நம்பர் கேட்பதற்கு முன், "வெளியே எப்படி இருக்கு?" என்று செல்லையாவிடம் கேட்டுவிடுவேன். இப்போது கம்ப்யூட்டர் திரையில் ரீடிங் பார்க்கிற பிள்ளைகளும் அங்கே இருக்கிற யாரையாவது அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

புல்வெளியில் எடுத்த படம் கீர்த்தனா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பின்னால் பளிச்சென்று மலை, நடுவில் அவர்கள் இருவர், ஓரத்தில் மடக்கிய குடையோடு நான். என்னை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாட்டேன் என்கிறாள்.