முன்வரிசை அக்கா

கடையில் அவளை எல்லோரும் முன்வரிசை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பெரிய மளிகைக் கடை அது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய் வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் வகை. அலமாரியில் பொருள் குறையக் குறைய, பின்னால் கிடப்பதை முன்விளிம்புக்கு இழுத்து, பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரியும்படி தோளோடு தோளாக நிறுத்துவது அவள் வேலை. பின்னால் வெறும் பலகைதான் இருக்கும். எதிரே நிற்பவருக்கு அலமாரி நிறைந்து வழிவதாகத் தோன்றும். காலிப் பலகையைப் பார்த்தால் ஜனம் பயந்துவிடும் என்பது முதலாளியின் வேதவாக்கு.

நான் அதே கடையின் கிடங்கில் சரக்கு வரவைச் சரிபார்ப்பவன். கடைக்குள் நடந்ததை நான் பார்த்தபடி எழுதுகிறேன். மற்றதை அவளிடமும் அவள் மகளிடமும் தனித்தனியே கேட்டு, இருவர் சொன்னதும் ஒத்துப்போன அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அவள் கணவன் லாரி ஓட்டப் போனவன், வேறு ஊரில் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். கடைச் சம்பளத்தில் ஒற்றை மகளை வளர்த்தாள். வீட்டுச் சமையலறையிலும் அதே வித்தைதான். மாதக் கடைசியில் வெறும் டப்பாக்களைத் துடைத்து முன்னால் நிறுத்திவிடுவாள். பற்றாக்குறை என்ற ஒன்று அந்த வீட்டில் இருந்ததே மகளுக்குக் கல்யாணம்வரை தெரியாது. "பசியைவிட பயம்தான் சீக்கிரம் கொல்லும்" என்பாள் அக்கா.

புயல் மாலையில் கரையைத் தொடும் என்று வானொலியில் சொன்ன அன்று, கதவு திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் நெருக்கியது. மகளிடமிருந்து காலையிலேயே அழைப்பு வந்துவிட்டது. பேத்தி பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தாய்ப்பால் வற்றிப்போய், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு பால் பவுடரில்தான் குழந்தை உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதைக் கொடுத்தாலும் வயிறு ஏற்கவில்லை. மருமகன் கப்பல் வேலையில் இருந்தான். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், தாழ்வான தெரு.

"அம்மா, ரெண்டு டின் எடுத்து வெச்சிடும்மா."

"எடுத்து வைக்கக் கூடாதுடி, வேலைக்கே உலை வெச்சிடுவாங்க. வேலை முடிஞ்சதும் பில் போட்டு நானே கொண்டு வரேன். இங்க மலை மாதிரி கிடக்கு, நீ கவலைப்படாதே."

கூட்டத்தைச் சமாளிக்க அன்று அவளைத் தண்ணீர் கேனும் மெழுகுவத்தியும் இருந்த பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். பால் பவுடர்ப் பக்கத்தை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டான். அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. மூட்டை தூக்கவும் மடிப்புக் கலையாத சட்டையில் வருவதால் வந்த பெயர். அவனுக்கு வேலை பழக்கியவளே அக்காதான்.

"என்ன சார், வண்டி முழுக்க மெழுகுவத்தி? வீட்டுல கல்யாணமா?" என்று ஒருவரைக் கேட்டாள்.

"புயலும்மா, புயல்!"

"புயல் ஒரு நாள் சார். இது உங்க பேரன் காலம் வரைக்கும் எரியுமே. எல்லாம் நிறைய இருக்கு, பதறாதீங்க."

அவர் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொன்னாள்.

மதியத்துக்குமேல் யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகித் திரிந்தது. பேச்சு நின்று, தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே தண்ணீர் கேனின் கைப்பிடியை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமலே இழுத்தார்கள். அக்கா அவ்வப்போது எட்டி, கடையின் மறுகோடியில் பால் பவுடர் அலமாரியைப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் நிறைந்தே இருந்தது.

வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் ஒரு டின்னை எடுத்தாள். முதியவர்களுக்கான சத்துமாவு. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அதுவே. வரிசையைக் கையால் கலைத்தாள், பின்னால் பலகை.

"மாப்பிள்ளை, குழந்தை டின் எங்கடா?"

"அது மத்தியானமே காலிக்கா. அதே நிறத்துல இது இருந்துச்சு, இழுத்து நிறுத்திட்டேன். தூரத்துல பார்த்தா உங்களுக்கே தெரியாது, பாருங்க!"

அவன் பாராட்டுக்குக் காத்து நின்றான். அவள் கிடங்குக்கு ஓடி வந்தாள். கடைசிப் பெட்டியும் காலையிலேயே வெளியே போய்விட்டது என்பதைத்தான் நானும் சொல்ல முடிந்தது.

மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்த பில் வரிசையில் ஒரு பெண்ணின் வண்டியில் அதே குழந்தை டின்கள் நான்கு தெரிந்தன.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா. என் பேத்திக்கு."

"அதோ அலமாரி நிறைய இருக்கே! வாங்கினதைப் பிடுங்கித்தான் குடுக்கணுமா?"

"அது வேற டின்னும்மா..."

"எல்லாம் நிறைய இருக்கு, பதறாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" அந்தப் பெண் வண்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கடைச் சட்டை போட்டவள் கையேந்துவதை வரிசையில் யாருமே நம்பவில்லை.

கைப்பேசி அடித்தது.

"கிளம்பிட்டியாம்மா?"

அக்கா அந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "டின் கிடைக்கலடி" என்றாள்.

"மலை மாதிரி கிடக்குன்னியே?"

"கிடக்கல. பார்த்து ஏமாந்துட்டேன். வீட்டுல எவ்வளவு இருக்கு? மறைக்காமச் சொல்லு."

"நாளைக்குக் காலையில ஒரு வேளை வரைக்கும் வரும். டின்னைத் தட்டித் தட்டிப் போட்டா ரெண்டு."

"அப்ப குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பு. பாலத்தை அடைக்கறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடணும், பெரிய ஆஸ்பத்திரியில கேட்டுப் பார்ப்போம். மிச்சத்தையும் வெந்நீரையும் எடுத்துக்கோ."

"காத்தைப் பார்த்தா பயமா இருக்கும்மா."

"பயப்படு. ஆனா நிக்காதே."

பஸ்கள் நின்றுவிட்டன. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பாலத்துக்கு நடந்தாள். ஆறு பழுப்பாகத் திரண்டு, பாலத்தின் அடிவயிற்றை நக்கியது. அந்தக் கோடியில் போலீஸ்காரர்கள் தடுப்புக் கட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது, கடைசியாக உள்ளே விடப்பட்டவர்களில் மகளும் இருந்தாள். குடை வழியிலேயே பறந்துவிட்டது. குழந்தை அவள் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் போனார்கள். தாழ்வாரம் நெடுகக் கைக்குழந்தையோடு பெண்கள். ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் அதிர்ந்துகொண்டிருந்தன. அக்கா நர்ஸிடம் போய் நின்றாள்.

"இந்தக் குழந்தை குடிக்கிற பவுடர் உள்ள எவ்வளவு இருக்கு சிஸ்டர்? எனக்காக நல்லதாச் சொல்ல வேண்டாம். இருக்கறதைச் சொல்லுங்க."

நர்ஸ் தாழ்வாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இன்னிக்கு ராத்திரிக்கு எல்லாருக்கும் குடுப்போம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அளந்து குடுக்கலாம். அப்புறம் வண்டி வரணும்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

அக்கா தலையாட்டினாள். மகளிடம் வந்து, கேட்டதை அப்படியே சொன்னாள்.